பெயிலாக்கித் தாங்க டீச்சர்

பிள்ளையைப் பாஸாக்கிவிடுங்கள் என்று வலயக் கல்விப் பணிமனை வாசலில் போய் நின்ற தகப்பன்மார் எத்தனையோ பேர். பெயிலாக்கிவிடுங்கள் என்று போய் நின்றவன் வட்டமலைத் தேயிலைத் தோட்டத்துக் கந்தப்பன் ஒருவன்தான். அதுவும் ஒரே கிழமையில் மூன்று தடவை. மூன்றாம் தடவை அழுதும்விட்டான். அந்த அழுகையைத் தோட்டத்தில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். குடித்துவிட்டுப் போனான் என்றுகூட ஒரு பேச்சு இருக்கிறது. குடிக்கவில்லை. நடந்தது இதுதான்.

லிந்துலையில் பஸ் ஏறி, கடைசி நிறுத்தத்தில் இறங்கி, அதற்கு மேல் ஏற்றத்தில் அரை மணி நேரம் நடந்தால் ஆறாம் லயம், வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகள். அதில் கடைசி அறையான தொங்கல் காம்பராவில் கந்தப்பன் குடும்பம். வயது முப்பத்தொன்பது. எட்டாம் வகுப்பு வரைக்கும் படித்தான். ஒன்பதுக்கு ஏன் போகவில்லை என்று கேட்டால், கேட்கிற ஆளைப் பார்த்துக் காரணம் சொல்லுவான். தேயிலைச் செடியைக் கத்தரிக்கிற கவ்வாத்து வெட்டில் அவன் கத்தி போன செடியைப் பார்த்தால், வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஒரு குறை சொல்ல மாட்டார். வாயைப் பார்த்தால்தான் சொல்லுவார்.

வாயைவிட உடம்புதான் அதிகம் பேசும். தேத்தண்ணி நேரத்தில் நாலு பேர் கூடினால், ஒரு வார்த்தை பேசாமல் ஆளை அப்படியே கொண்டுவந்து நிறுத்துவான். கண்டாக்கு குடை பிடிக்கிற விதம், டிஸ்பென்சரி ஐயா எல்லா வியாதிக்கும் ஒரே போத்தலிலிருந்து குளிசை எண்ணுகிற விதம். ஒரு நாள் தோட்டத்தை நிர்வகிக்கிற துரை நடையை நடந்து காட்டிக்கொண்டிருந்தான். மற்றவர்கள் சிரிப்பை நிறுத்திய பிறகும் இவன் நடையை நிறுத்தவில்லை. திரும்பினால் துரை. மறுநாளிலிருந்து ஒரு மாதத்துக்குச் செங்குத்தான பதினோராம் நம்பர் மலையில்தான் இவனுக்கு வேலை.

பெண்சாதி நிஷாந்தி டயகமப் பக்கம். பெண் பார்க்கப் போனது அண்ணனுக்கு, கட்டிக்கொண்டு வந்தது தம்பி. பக்கத்துக் காம்பரா வேலாயி அக்காளிடம் கேட்டால் அதை விலாவாரியாகச் சொல்லுவாள். அண்ணன் இன்னும் இவனோடு பேச்சில்லை.

அவர்களுக்கு ஒரே மகள், சுலக்ஷனா. நாலு வயது வரைக்கும் அவள் தகப்பனையே பேச்சில் தோற்கடித்தாள். நாலரை வயதில் மூளைக் காய்ச்சல் வந்தது. பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தாள். பிள்ளை தப்பித்தது என்று மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தார்கள்.

ரொட்டி விற்கிற பாண் ஆட்டோ வந்த அன்றைக்குத்தான் கந்தப்பனுக்குத் தெரிந்தது. பாட்டுப் போட்டுக்கொண்டு வளைவில் ஏறும்போதே முதல் ஆளாக ஓடுகிறவள் சுலக்ஷனா. அன்றைக்கு வாசற்படியில் உட்கார்ந்து கல்லாங்காய் ஆடிக்கொண்டிருந்தாள். பாட்டு வந்தது. மற்றப் பிள்ளைகள் எழுந்தார்கள். அவர்கள் ஓடுவதைப் பார்த்த பிறகுதான் இவள் எழுந்து ஓடினாள். கந்தப்பன் அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்று பேரைச் சொன்னான். இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னான். வேலாயி அக்காள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏன்யா இந்தக் கத்து கத்துற?" என்று கேட்டாள். பிள்ளை திரும்பவில்லை.

ஒரு மாதம் கழித்துக் காதுக் கிளினிக்குக்கு வரச் சொல்லி ஆஸ்பத்திரியில் ஒரு துண்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தத் துண்டைக் கந்தப்பன் சாமிப் படத்துக்குப் பின்னால் சொருகி வைத்தான். போகவில்லை.

போகாததற்குக் காரணம் அவனுடைய அப்பா. தோட்டத்தில் ஒருவனை விழுத்தாட்டக் கம்பு வேண்டாம், வேலையாட்களைப் பதிகிற செக்ரோலில் பேரை வெட்டினால் போதும். அந்தக் காலத்தில் தோட்டத்துக்குக் கண் பார்க்க ஆட்கள் வந்தார்கள். நல்லதுக்குத்தானே வந்திருக்கிறார்கள் என்று அவனுடைய அப்பா போய் உட்கார்ந்து, பலகையில் இருந்த எழுத்துக் கலங்கலாகத் தெரிகிறது என்று தன் வாயாலேயே சொன்னார். அவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். கண்ணாடி வரவில்லை. மூன்றாம் மாதம் பேர் வெட்டுத்தான் வந்தது. செத்துப்போகிற வரைக்கும் அவர், "தெரியுதுன்னு சொல்லியிருக்கணும்டா," என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆகவே மகளுக்குக் காது போன விஷயம் அந்தக் காம்பராவுக்குள்ளேயே இருந்தது. தகப்பனும் மகளும் முகத்தாலும் விரலாலும் பேசிக்கொண்டார்கள். ஆளை நடித்துக் காட்டியே வளர்ந்தவனுக்கு அது பெரிய வேலையில்லை. அவளும் வாயசைவைப் பார்த்தே பாதிப் பேச்சைப் பிடித்துவிடுவாள். பள்ளிக்கூடத்தில் பலகையில் இருப்பதை அச்சுப் போல எழுதுவாள். வாய் வழியாகச் சொன்ன பாடம் மட்டும் கொப்பியில் இருக்காது. 'கவனக்குறைவு' என்று தவணை அறிக்கையில் எழுதி வரும். பார்த்தவர்கள் அப்பனைப் போல விளையாட்டுப் பிள்ளை என்றார்கள். கந்தப்பனும் ஆமாம் என்று சிரிப்பான்.

மூன்றாம் வகுப்புக்கு வந்த வருஷம், தை மாதத்து ஒரு காலையில், பெரட்டுக் களத்தில் கண்டாக்கு ஆட்களுக்கு வேலை பிரித்துவிட்டு ஒரு கடிதத்தை எடுத்தார்.

"இந்தா பாருங்க எல்லாரும். அடுத்த மாசம் வலயக் கல்வியிலேருந்து ஸ்கூலுக்கு வர்றாங்க. ஒண்ணாம் வகுப்புலேருந்து அஞ்சு வரைக்கும் எல்லாப் புள்ளைங்களுக்கும் காது டெஸ்ட்டு. யாரும் மட்டம் போட வைக்காதீங்க."

"காதுல என்னாங்கையா டெஸ்ட்டு? அழுக்கு பாப்பாங்களா?" என்றான் பின்வரிசையில் ஒருவன்.

"ஒங் காதுல பாத்தா தேயிலைக் கன்னு மொளைச்சிருக்கும்டா."

களமே சிரித்தது. எப்போதும் முதலில் சிரிக்கிற கந்தப்பன் சிரிக்கவில்லை.

"ஐயா, அதுல பெயிலானா என்னாங்கையா செய்வாங்க?"

"என்னா செய்வாங்க... பேர எழுதி வலயத்துக்கு அனுப்புவாங்க. பொறவு அவங்க பாத்துக்குவாங்க."

பேரை எழுதி அனுப்புவார்கள். கந்தப்பனுக்கு அதற்கு மேல் ஒன்றும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

நிஷாந்தி மட்டும் தடுத்துப் பார்த்தாள். "வரட்டுமேங்க. தெரிஞ்சவங்க வந்து பாக்கட்டும். எத்தன காலத்துக்கு மூடி வைக்கிறது?"

"எங்கப்பா கண்ணையுந்தான் தெரிஞ்சவங்க வந்து பாத்தாங்க."

"அது தோட்டத்து ஆளுங்க. இது ஸ்கூலு. இவங்க என்னாத்துக்குங்க புள்ளைய வெரட்டுறாங்க?"

"ரெஜிஸ்டர்ல பேரு வெட்டுறதுக்கு என்னா பெரிய காரணம் வேணும்? காது கேக்காத புள்ளைய வச்சுக்கிட்டு அந்த டீச்சருங்க என்னா செய்வாங்க? வூட்டுலயே வச்சுக்கங்கன்னு ஒரு வார்த்தையில முடிச்சிருவாங்க. நீ சும்மா இரு."

அடுத்த தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அந்த டெஸ்ட் மூன்று கிழமை முந்தியே நடந்தது. கந்தப்பன் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு அங்கே போய் வேலிக்கு வெளியே நின்று முழுவதையும் பார்த்தான். பிள்ளையைக் கதிரையில் உட்கார வைத்து, டீச்சர் பின்னால் நிற்கிறார். கை தட்டுகிறார், சின்ன மணி ஒன்றை ஆட்டுகிறார். கேட்டால் பிள்ளை கையைத் தூக்க வேண்டும். பிறகு மெதுவான குரலில் ஐந்து சொல். பிள்ளை திருப்பிச் சொல்ல வேண்டும். பால், மரம், பூனை, கதவு, குடை. எல்லாப் பிள்ளைக்கும் அதே ஐந்துதான்.

வீட்டுக்கு வந்தவன் அந்த ஐந்துக்கும் ஐந்து சைகை செய்தான். பாலுக்கு இரண்டு விரலைக் கீழே இழுத்தான். பூனைக்கு மீசையைத் தடவினான். கதவுக்குச் சட்டைப் பித்தானைத் திருகினான். மரத்துக்குத் தலைத்துண்டை மேலே தள்ளினான். குடைக்குக் கண்டாக்கு போல முழங்கையை மடக்கினான். கைதட்டலுக்கும் மணிக்கும் இமையை ஒரு தடவை அடித்தால் போதும். பார்க்கிறவனுக்கு ஒரு ஆள் சும்மா நின்று உடம்பைச் சொறிகிற மாதிரி இருக்கும். பொழுது சாய்வதற்குள் மலையிலிருந்து ஓடி வந்து மகளை முன்னால் உட்கார வைப்பான். நிஷாந்தி பின்னால் நின்று சொல்ல வேண்டும். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே சொல்லுவாள். சுலக்ஷனாவுக்கோ அது நல்ல விளையாட்டு. இது பரீட்சை, இதில் ஒன்றுகூட விடக் கூடாது என்று தகப்பன் புரிய வைத்ததை அவள் நன்றாகவே பிடித்துக்கொண்டாள். ஐந்தும் சரியாக வந்தால் தகப்பன் தோளில் தூக்கி லயத்துக் கடைசி வரைக்கும் ஓடுவான். இரண்டு கிழமையில் பிள்ளை ஒரு தடவைகூடப் பிசகாமல் சொன்னாள்.

டெஸ்ட் நாளில் பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரே பனி. இடுப்பளவு சுவருக்கு வெளியே தாய் தகப்பன்மார் நின்றார்கள். வலயத்திலிருந்து வந்தவர் சீதாலெட்சுமி டீச்சர், விசேட கல்விக்கு ஆசிரிய ஆலோசகர். வலயம் முழுவதற்கும் அந்த வேலைக்கு அவர் ஒருவர்தான். ஜீப் வைத்திருக்கிற பிரிவு கொடுத்தால் ஜீப்பில் வருவார், இல்லையென்றால் பஸ். அன்றைக்கு பஸ்ஸில் வந்து, நனைந்த சேலையோடு எண்பத்தேழு பிள்ளைகளைப் பார்த்தார். சுலக்ஷனா அறுபத்து நாலாவது. அந்நேரம் டீச்சருக்குக் குரல் கட்டிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவன் மீசையைத் தடவுவதையும் துண்டைத் தள்ளுவதையும் அவர் எங்கே கவனிக்கப் போகிறார்? "நல்ல புள்ள," என்று கன்னத்தில் தட்டி அனுப்பினார். தாளில் 'சாதாரணம்' என்று விழுந்தது.

கந்தப்பன் அன்றைக்கு ஆறாம் லயத்துக்கே டொபி வாங்கிக் கொடுத்தான். எதற்கென்று யாருக்கும் தெரியாது. பெயிலானது நாலு பேர். அதில் ஒன்று மூன்றாம் லயத்து ஜீவராணியின் மகள் தர்ஷனா. ஜீவராணி பள்ளிக்கூட வாசலில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். கந்தப்பன் போய் ஆறுதல் வேறு சொன்னான்.

"அழுவாத தங்கச்சி. எல்லாப் புள்ளையும் ஒண்ணு போலவா இருக்கும்? எங்க புள்ளைக்கு ஏதோ பாம்புக் காது."

இந்த ஒரு வார்த்தைக்காகவே பிறகு அவன் எத்தனை நாள் தன்னைத்தானே ஏசிக்கொண்டானோ.

ஏனென்றால் பெயிலான நாலு பிள்ளைகளின் பேரும் வெட்டுப்படவில்லை. சித்திரை முடிந்ததும் தர்ஷனாவைக் காதுக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார்கள். இரண்டு காதுக்கும் மெஷின் வந்தது. டவுன் பள்ளிக்கூடத்தில் காது கேளாத பிள்ளைகளுக்கென்று இருக்கிற விசேட அலகில் இடம் கொடுத்தார்கள். போக வர பஸ்ஸுக்குப் பாஸ். சீதாலெட்சுமி டீச்சர் மூன்றாம் லயத்துக்கே வந்து, ஜீவராணியின் காம்பராவில் சாக்கு விரித்து உட்கார்ந்து, பிள்ளையோடு எப்படிப் பேச வேண்டும், வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும், ஒரு சொல்லை எத்தனை தரம் சொல்ல வேண்டும் என்றெல்லாம் தாய்க்குக் காட்டிக் கொடுத்தார். தோட்டத்துப் பள்ளிக்கூட டீச்சர்மாரையும் ஒரு நாள் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். இதையெல்லாம் ஜீவராணி கொழுந்து மலையில் வைத்து நிஷாந்தியிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"டீச்சர் ஒண்ணு சொன்னாங்கக்கா. கொஞ்ச நாளு பேசிட்டு அப்புறம் காது போன புள்ளைங்க இருக்கே, அதுங்களுக்குத்தான் அவசரமாம். கேக்காம கேக்காம பேச்சு மறந்து போயிருமாம். வாயில மிச்சம் இருக்கும்போதே புடிச்சுக்கணுமாம். போனா வர்றது கஷ்டமாம்."

நிஷாந்தியின் கை செடியிலேயே நின்றுவிட்டது. "என்னாக்கா?" என்று ஜீவராணி கேட்டாள். "ஒண்ணுமில்ல, அட்டை கடிச்சிருச்சு," என்றாள்.

அந்த வருஷம் சுலக்ஷனாவின் வாயிலிருந்து சொற்கள் கழன்றுகொண்டிருந்தன. இரண்டு பேருக்கும் தெரியும், ஒருவரிடம் ஒருவர் சொன்னதில்லை. வைகாசியில் 'தண்ணி'யின் முனை தேய்ந்தது. ஆவணியில் டம்ளரைத் தூக்கிக் காட்டினாள். அம்மா என்பது தாய்க்கு மட்டும் விளங்குகிற ஒரு சத்தமாக ஆகிவிட்டது. ஐப்பசியில் ஒரு நாள் கந்தப்பன் உட்கார்ந்து மகளிடம் இன்னும் என்னென்ன சொல் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தான். தெளிவாக இருந்தவை விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். அதில் பாலும் மரமும் பூனையும் கதவும் குடையும் பளிச்சென்று இருந்தன. அவன் சொல்லிக் கொடுத்த ஐந்தும்.

நிஷாந்தி சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து அந்தத் துண்டை எடுத்து, தூசியைத் தட்டி, அவன் முன்னால் வைத்தாள்.

அவன் நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் முதலில் போனான். துண்டு நாலு வருஷம் பழசு, புதிதாகப் பதிந்து அடுத்த சித்திரைக்குத் திகதி கொடுத்தார்கள். வலயத்திலிருந்து கடிதத்தோடு வருகிற பிள்ளைகளை அந்தந்த மாதமே பார்ப்பார்களாம். அப்படிப்பட்ட பிள்ளைகளின் வலயத்து லிஸ்ட் இந்த வெள்ளிக்கிழமை போகிறது, அதை விட்டால் வருஷம் திரும்பித்தான் என்று அங்கிருந்த நர்ஸ் சொன்னாள். அன்றைக்குத் திங்கட்கிழமை.

அங்கிருந்து பணிமனைக்கு. விசேட கல்விப் பிரிவின் எழுத்து வேலை பார்க்கிற லிகிதர் ராமநாதன் சேர் பைலை எடுத்துப் பார்த்தார்.

"சுலக்ஷனா, சாதாரணம். அஞ்சுக்கு அஞ்சு. என்னா பிரச்சினை?"

"அதுதாங்க சேர் பிரச்சினை. அது பிழைங்க."

"புள்ள பாஸ். அதுக்கு முறைப்பாடா? தலைவரே, நா இந்தக் கதிரையில பன்னெண்டு வருஷமா இருக்கேன்."

பக்கத்து மேசையில் இருந்தவர் சிரித்தார். கந்தப்பனுக்கும் பழக்கத்தில் சிரிப்பு வந்துவிட்டது, அதுதான் கொடுமை. டீச்சர் இல்லை, புதன்கிழமை வரச் சொன்னார்கள்.

புதன்கிழமை போனான். டீச்சர் கொத்மலைப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் போய்விட்டார். கடைசி பஸ் வரைக்கும் வாசல் கல்லில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தான். இடமாற்றத்துக்கு அலைகிற ஒரு பள்ளிக்கூடத்து சேர் அவனோடு உட்கார்ந்து தன் கதையைச் சொன்னார், இவன் கதையைக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு வெள்ளனவே போனான். நிஷாந்தி பிள்ளைக்கு வெள்ளை யூனிபோர்ம் போட்டு, தலை பின்னி, ரிப்பன் கட்டி அனுப்பினாள். சீதாலெட்சுமி டீச்சர் மேசையில் லிஸ்ட்டைத்தான் வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். கந்தப்பன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். மீசை, பித்தான், துண்டு, இமை, அடுத்த தோட்டத்து வேலியில் நின்றது. ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "மெஷின் குடுக்கிறாங்கன்னு கேள்விப்பட்டு வந்தீங்களா?"

"இல்லீங்க டீச்சர்."

"போன மாசம் ரெண்டு பேர் வந்தாங்க. ஒருத்தர் புள்ளைக்குச் செவிடு மாதிரி நடிக்கப் பழக்கிக் கூட்டிட்டு வந்திருந்தார், பஸ் பாஸுக்காக. நீங்க கேக்கிற மாதிரி பழக்கினேன்னு சொல்றீங்க. நா எத நம்புறது? எனக்கு இருக்கிறது ஒரே ஒரு இடம். அந்த ஒரு இடத்துக்கு மூணு புள்ளைங்க காத்திருக்கு."

"பெயிலாக்கித் தாங்க டீச்சர். ஒங்க காலுல வேணும்னாலும் விழுறேன். ஒரு தடவை பெயிலாக்கித் தாங்க." அப்போதுதான் அவன் அழுதது. ராமநாதன் சேர் பேனாவைக் கீழே வைத்தார்.

அவன் பையிலிருந்து அந்தப் பழைய துண்டை எடுத்து நீட்டினான். டீச்சர் திகதியைப் பார்த்தார். மூளைக் காய்ச்சல் என்று எழுதியிருந்ததைப் பார்த்தார். "இத ஏன் அப்பவே காட்டல?" என்று கேட்டார். டீச்சர் எழுந்து, கதிரையை இழுத்துப் போட்டு, சுலக்ஷனாவைக் கைகாட்டி உட்காரச் சொன்னார். பிள்ளைக்குக் கதிரையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. இந்தப் பரீட்சை அவளுக்குத் தெரியும்.

டீச்சர் பின்னால் போய் நின்று கை தட்டினார். பிள்ளை கையைத் தூக்கினாள்.

"பாத்தீங்களா?"

"என் கண்ணப் பாத்துத் தூக்குறா டீச்சர்."

"அப்ப கண்ண மூடுங்க."

மூடினான். டீச்சர் மணியை ஆட்டினார். இமை நடுங்கியிருக்க வேண்டும், பிள்ளை கையைத் தூக்கினாள். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். டீச்சர் கை தட்டினார், அவன் தோள் அசைந்திருக்க வேண்டும், பிள்ளை தூக்கினாள். 'பால்' என்று டீச்சர் சொன்னதும், பின்னால் கட்டியிருந்த கையில் அவனுடைய இரண்டு விரல்கள் தாமாகவே கீழே இழுபட்டன. "பால்," என்றாள் பிள்ளை, சந்தோஷமாக.

கந்தப்பன் சுவரில் தலையை முட்டிக்கொண்டான். "நா சும்மாதாங்க இருக்கேன், சும்மா இருக்க முடியலையே டீச்சர்!"

"நீங்க வெளிய போங்க," என்றார் சீதாலெட்சுமி டீச்சர். அவர் குரல் மாறியிருந்தது. "கதவச் சாத்திட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கமும் நிக்காதீங்க. தூரப் போங்க."

போனான். அவன் போவதை மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். வழியில் போகிற ஆளைப் போலப் போக முயன்றான், அந்த நடை மட்டும் அவனுக்கு வரவில்லை. நடைபாதைக் கடைசியில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் போய் நின்றான். பலகைத் தடுப்பு ஆனபடியால் சத்தம் வந்தது. கை தட்டல். பிறகு மணி. பிறகு டீச்சர் பால் என்று சொன்னது, மரம் என்று சொன்னது, ஒவ்வொன்றுக்கும் இடையில் அந்த இடைவெளி. குழாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அந்த இடைவெளியில் ஒன்றும் வரக்கூடாது என்று வேண்டினான். வரவில்லை. ஐந்து சொல்லும் முடிந்தது. பிறகு டீச்சர் சாதாரணக் குரலில், "சுலக்ஷனா," என்றார். இன்னும் கொஞ்சம் கூட்டி, "சுலக்ஷனா." கடைசியில் பணிமனை முழுவதும் கேட்கக் கத்தினார். மேல்மாடியிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். அந்த அறைக்குள் இருந்த ஒரு ஆளுக்கு மட்டும் கேட்கவில்லை.

டீச்சர் கதவைத் திறந்து அவனைக் கூப்பிட்டபோது அவர் கண் சிவந்திருந்தது. உட்கார்ந்து படிவம் எழுதினார்.

"எப்பலேருந்து?"

"நாலரை வயசுலேருந்து."

"ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அப்பவே."

எழுதினார். "லிஸ்ட்டுல போடுறேன். கிளினிக் கடிதமும் தர்றேன். அந்த இடம் இவளுக்கா மத்த மூணு பேர்ல ஒருத்தருக்கான்னு அவங்க பாத்துத்தான் முடிவெடுப்பாங்க. நா உறுதி சொல்ல மாட்டேன். பேச்சு எவ்வளவு திரும்பி வரும்னும் சொல்ல மாட்டேன். நாலு வருஷம் போச்சுங்க." பிறகு, "நா அன்னைக்கு அந்தச் சுவரப் பாத்திருக்கணும்," என்றார். "கையெழுத்துப் போடுங்க."

போட்டான். ராமநாதன் சேர் முத்திரை குத்திக் கொடுத்தார்.

சுலக்ஷனா இன்னும் அந்தக் கதிரையிலேயே இருந்தாள். கன்னமெல்லாம் கண்ணீர். பாதி தூக்கிய ஒரு கை, எப்போது தூக்குவது என்று தெரியாமல் மடியில் விழுந்திருந்தது. கந்தப்பன் அவள் முன்னால் குந்தினான். நல்லது நடந்திருக்கிறது, நீ சரியாகத்தான் செய்தாய், பிழை அப்பாவுடையது என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்து மெதுவாக, ஜீவராணிக்கு டீச்சர் சொன்ன மாதிரி வெளிச்சத்தைப் பார்த்து, "நீ நல்ல புள்ள," என்று ஆரம்பித்தான்.

பரீட்சை நடுவில் விட்டுவிட்டுப் போன தகப்பனை அவள் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

கந்தப்பன் கையை அசைத்தான். மீசையைத் தடவினான். தோளைத் தொட்டான், தட்டிவிட்டாள், கண்ணைத் திறக்கவில்லை. அந்த இமைகளுக்கு வெளியே நின்றுகொண்டு, வேறு வழியே இல்லாமல், அவன் மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். மறுபடியும் கூப்பிட்டான்.